கால்பந்தில் அபூர்வமாக ஊதப்படும் குற்றங்கள்: ரெஃபரி ஒன்று சொல்ல, லைன்ஸ்மேன் வேறு சொன்னால்?

#1 கொடிமுனை

மேட்ச்சுக்குப் பத்துத் தடவை ஊதும் ஃபவுலில் நடுவர் குழுவுக்குள் தகராறு வருவதில்லை. மூன்று சீசனுக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் குற்றங்களில்தான் முட்டிக்கொள்கிறது. பேச ஒரு நிலைமை தருகிறேன்.

டிஃபெண்டரின் பக்கத்தில் எதிரணி ஆளே இல்லை. தரையில் கிடந்த பந்தைக் கால்நுனியால் மேலே கிளப்பி, தலையால் தன் கீப்பருக்குத் தட்டுகிறார். கீப்பர் கையில் பிடிக்கிறார். லைன்ஸ்மேன் மைக்கில், "தந்திரம். இன்டைரக்ட், டிஃபெண்டருக்கு மஞ்சள்." (இன்டைரக்ட் என்றால் நேராகக் கோல் போட முடியாத ஃப்ரீ கிக்.) ரெஃபரி, "தலையால்தானே வந்தது, ஆடட்டும்." எதிரணி பெஞ்ச் எழுந்து நிற்கிறது.

கேள்விகள்: லைன்ஸ்மேன் கொடி தூக்கலாமா? கடைசி வார்த்தை யாருடையது? பந்து உதைக்கப்பட்ட பிறகு ரெஃபரிக்கு மனம் மாறினால் திரும்பி வர முடியுமா?

#2 பழையவிசில்

கடைசி வார்த்தை யாருடையது என்பதில் விதி 5-இல் சந்தேகமே கிடையாது. ரெஃபரியுடையது. மற்றவர்கள் தகவல் தருபவர்கள், அவ்வளவுதான். ஆனால் களத்தில் இதை "நீ சொல்வதா நான் சொல்வதா" என்று எடுத்துக்கொண்டால் காரியம் கெடும். கருத்து வேறுபாட்டை மூன்றாக உடைத்துப் பாருங்கள்.

ஒன்று, என்ன நடந்தது? பந்து காலில் பட்டதா தொடையில் பட்டதா, யார் தொட்டார். இதில் பதவிக்கு மதிப்பில்லை, பார்த்தவர் சொல்வதுதான். இருபது மீட்டர் தள்ளி முதுகுப் பக்கம் நின்ற ரெஃபரியை விட, நேர்கோட்டில் நின்ற லைன்ஸ்மேன் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, அது குற்றமா? தந்திரமா இயல்பான ஆட்டமா என்பது மதிப்பீடு. இங்கே ரெஃபரி சொன்னால் முடிந்தது. லைன்ஸ்மேன் ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று, குற்றம் என்றால் ரீஸ்டார்ட் என்ன, அதாவது ஆட்டத்தை எப்படி மறுபடி தொடங்குவது? இது யாருடைய மதிப்பீடும் இல்லை, புத்தகம் சொல்வது. ரெஃபரி தப்பான ரீஸ்டார்ட் கொடுக்கிறார் என்று தெரிந்தால் லைன்ஸ்மேன், நாலாவது அதிகாரி, யாராக இருந்தாலும் கத்தியாவது நிறுத்த வேண்டும். "அவர் சீனியர், நான் எப்படிச் சொல்வது" என்ற மரியாதைக்கு இங்கே வேலையில்லை.

இரண்டாவதில் தவறினால் விமர்சனம் வரும், மறுநாள் மறந்துபோகும். மூன்றாவதில் தவறினால் மேட்ச்சே செல்லாமல் போகலாம்.

#3 சின்னபாக்ஸ்

கொடிமுனை சொன்ன நிலைமையில் ரெஃபரியின் காரணமே தப்பு. "தலையால்தானே வந்தது" என்பது பதில் ஆகாது. தலை, மார்பு, முட்டியால் கொடுப்பதைப் பயன்படுத்தி பேக்பாஸ் விதியை ஏய்ப்பதைத் தடுக்கத்தான் புத்தகத்தில் தந்திரம் பற்றிய வரியே இருக்கிறது. கவனிக்க வேண்டியவை:

பேக்பாஸ் தடை 1992-இல் வந்தது. சக வீரர் காலால், அதாவது கணுக்காலோ அதற்குக் கீழோ, வேண்டுமென்றே கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது. பறந்து வந்த பந்தைத் தலையால் கீப்பருக்குக் கொடுத்தால் குற்றமில்லை. தானே கிளப்பித் தானே தலையால் தட்டினால் அது தந்திரம்.

தந்திரத்தில் குற்றவாளி கீப்பர் இல்லை, அதைத் தொடங்கியவர். கீப்பர் கையால் தொட்டாரா இல்லையா என்பதே பொருட்டில்லை. அவர் காலால் நிறுத்தினாலும் குற்றம் முடிந்துவிட்டது. கீப்பரே திட்டமிட்டுத் தொடங்கினால் அட்டை கீப்பருக்கு.

எனவே ஃப்ரீ கிக் வைக்கும் இடம் டிஃபெண்டர் தந்திரம் செய்த இடம். கீப்பர் பிடித்த இடத்தில் பந்தை வைத்தால் அதுவும் பிழைதான். பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். சாதாரண பேக்பாஸில் கீப்பர் தொட்ட இடம், தந்திரத்தில் தொடங்கிய இடம்.

#4 மூன்றாம்கோடு

இன்னொன்று. 2019-இல் கோல் கிக் பந்து பாக்ஸை (கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி கட்டத்தை) விட்டு வெளியேற வேண்டாம் என்று மாற்றினார்கள். உடனே கீப்பர் கோல் கிக்கில் பந்தைப் பக்கத்து டிஃபெண்டருக்குக் கிளப்பிக் கொடுக்க, அவர் தலையாலோ மார்பாலோ திருப்பித் தர, கீப்பர் கையில் பிடிக்கும் வித்தை வீடியோக்களில் சுற்றியது. அது சரியா தப்பா என்று விதி எழுதுபவர்களுக்கே உடனே முடிவு செய்ய முடியவில்லை. அந்த ஆகஸ்டில், இப்போதைக்குத் தண்டிக்க வேண்டாம், கோல் கிக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் என்று அறிவிப்பு விட்டார்கள். அடுத்த பதிப்பில் "ஃப்ரீ கிக் அல்லது கோல் கிக்கிலிருந்து" என்று தந்திர வரியிலேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது நேரடியாக இன்டைரக்ட், மஞ்சள்.

ஒருவர் 2019 அறிவிப்பை நினைவில் வைத்திருப்பார், மற்றவர் புதிய புத்தகம் படித்திருப்பார். இருவருமே "எனக்கு நன்றாகத் தெரியும்" என்பார்கள். அபூர்வக் குற்றங்களில் தகராறுக்குக் காரணம் அறியாமை அல்ல, பழைய அறிவு.

#5 புதுவிசில்

கீப்பர் பந்தைக் கையில் 6 செகண்டுக்கு மேல் வைத்திருந்தால் இன்டைரக்ட் என்பதும் இந்த வகைதானே? யாருமே ஊதுவதில்லை.

#6 மூன்றாம்கோடு

பார்த்தீர்களா, நான் சொன்னதற்கு உடனடி உதாரணம் :)

தம்பி, அது போய்விட்டது. 2025 ஜூலை 1 முதல் 8 செகண்டு. தண்டனை இன்டைரக்ட் இல்லை, கார்னர். கீப்பர் நின்ற இடத்துக்கு எந்தப் பக்கம் கிட்டேயோ அந்தப் பக்கத்துக் கார்னர். கடைசி 5 செகண்டை ரெஃபரி கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்ட வேண்டும். எண்ணிக்கை, கீப்பர் பந்தைத் தெளிவாகக் கட்டுப்பாட்டில் எடுத்த பிறகுதான் தொடங்கும். விழுந்து கிடப்பவர் மேல் எதிரணி ஆள் தடுக்கி நின்றால் தொடங்காது. எடுத்தவுடன் மஞ்சளும் கிடையாது, திரும்பத் திரும்பச் செய்தால்தான்.

#7 பழையவிசில்

அந்த மாற்றத்தின் பின்னணி நம் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 6 செகண்டு விதி 2000 முதல் புத்தகத்தில் இருந்தும் பெரும்பாலோர் ஊதவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக், பெண்கள் அரையிறுதி, அமெரிக்கா – கனடா. கனடா 3-2 முன்னிலை. 80-ஆவது நிமிடத்தை ஒட்டி, கனடா கீப்பர் பந்தை அதிகநேரம் வைத்திருந்தார் என்று ரெஃபரி ஊதினார். பாக்ஸுக்குள் இன்டைரக்ட். அந்த உதை ஒரு கனடா வீராங்கனையின் கையில் பட்டது, பெனால்டி, 3-3. கூடுதல் நேரத்தின் கடைசியில் அமெரிக்கா 4-3.

விதிப்படி ரெஃபரியைக் குறை சொல்ல வழியில்லை. ஆனால் அதுவரை யாரும் ஊதாத ஒன்றை, அரையிறுதியில், முன்னிலையில் இருக்கும் அணிக்கு எதிராக ஊதினால் அதை யாரும் விதியாகப் பார்க்கமாட்டார்கள், சதியாகப் பார்ப்பார்கள். தண்டனை குற்றத்தை விடப் பெரிதாக இருந்ததால் ரெஃபரிகள் ஊதத் தயங்கினார்கள். கார்னர் என்று குறைத்து, எண்ணிக்கையை எல்லோரும் பார்க்கும்படி செய்த பிறகு அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை.

#8 நடுவட்டம்

சார், ஒத்துக்கொள்ள மாட்டேன். "யாரும் ஊதாததை ஊதாதே" என்று நீங்கள் மறைமுகமாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் விதி எதற்கு?

#9 பழையவிசில்

அப்படிச் சொல்லவில்லை. ஊதுவதற்கு முன் ஒரு முறை எச்சரித்திருக்க வேண்டும், அதை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். "கீப்பர், சீக்கிரம்" என்று கையைக் காட்டிய பிறகு ஊதினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். எச்சரிக்க முடியாத குற்றங்களும் உண்டு, தந்திர பேக்பாஸ் மாதிரி. அங்கே தெளிவாக இருந்தால் ஊதித்தான் ஆக வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தால் விட்டுவிட வேண்டும்.

#10 நடுவட்டம்

அரைகுறை என்றால் விடலாம், அதில் சண்டையில்லை. ஆனால் எச்சரிக்கை ஒரு பழக்கம், விதி இல்லை. எச்சரிக்கவில்லை என்பதற்காகத் தெளிவான குற்றத்தை விட்டால் அடுத்த அணி கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

#11 கொடிமுனை

என் முதல் கேள்விக்கு வருவோம். கொடி?

#12 ஐந்தரைமீட்டர்

விதி 6 இரண்டு நிபந்தனை வைக்கிறது. குற்றம் ரெஃபரி பார்வைக்கு வெளியே அல்லது மறைவாக நடந்திருக்க வேண்டும். ரெஃபரி பார்த்திருந்தால் அட்வான்டேஜ் கொடுத்திருக்க மாட்டார், அதாவது ஊதாமல் ஆட்டத்தைத் தொடர விட்டிருக்க மாட்டார் என்று தோன்ற வேண்டும். நீங்கள் சொன்னதில் ரெஃபரி நேராகப் பார்த்துவிட்டார், முடிவும் சொல்லிவிட்டார். கொடி தூக்கினால் உங்கள் கருத்து வேறுபாட்டை மைதானம் முழுக்க அறிவித்ததாக ஆகும். மைக்கில் ஒரே வாக்கியம்: "அவரே காலால் கிளப்பினார், நான் பார்த்தேன்." தகவலைச் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லாதீர்கள். "தந்திரம், இன்டைரக்ட், மஞ்சள்" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ரெஃபரி தன் முடிவைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். "காலால் கிளப்பினார்" என்றால் அவருக்கு யோசிக்க இடம் கிடைக்கும். ஒருவேளை அவர் பார்த்தது தலையால் தட்டியதை மட்டும்தானோ என்னவோ.

ரெஃபரி பார்க்கவே இல்லை, குற்றம் பாக்ஸுக்குள், பெனால்டி என்றால் முறையே வேறு. முதலில் கண்ணால் ரெஃபரியைப் பிடிக்க வேண்டும். அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால் கொடி, கொடியில் உள்ள பீப் பட்டன், பிறகு கோட்டோரமாகக் கார்னர் கொடியை நோக்கி எல்லோருக்கும் தெரியும்படி நகர வேண்டும். அந்த நகர்வுதான் "இது பெனால்டி" என்ற செய்தி. பாக்ஸுக்கு வெளியே என்றால் கார்னர் பக்கம் நகரக்கூடாது. பதற்றத்தில் இரண்டடி தப்பாக நகர்ந்தாலும் ரெஃபரி பெனால்டி என்று எடுத்துக்கொள்வார்.

#13 சின்னபாக்ஸ்

மைக் இல்லாத மேட்ச்சுகளே அதிகம். அங்கே நேரில் பேசித்தான் ஆக வேண்டும். அதற்கும் முறை உண்டு. ரெஃபரி லைன்ஸ்மேனிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் லைன்ஸ்மேன் 2–3 மீட்டர் உள்ளே வரலாம், அதற்கு மேல் வேண்டாம். பேசும்போது இருவரும் மைதானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். எதிரெதிராக முகம் பார்த்து நின்றால் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இன்னொருவரை இடித்துத் தள்ளுவது தெரியாமலே போகும். வாயைப் படிப்பவர்களுக்கும் வசதி.

ரெஃபரி கேட்கும் வரிசை முக்கியம். இப்படி:

"என்ன பார்த்தாய்?"
"5-ஆம் நம்பர் காலால் கிளப்பித் தலையால் கொடுத்தார்."
"பக்கத்தில் யாராவது?"
"இல்லை. பத்து மீட்டருக்கு ஆளில்லை."
"எந்த இடம்?"
"பாக்ஸ் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் வெளியே."
"சரி. இன்டைரக்ட், அங்கேயே, 5-க்கு மஞ்சள். சரிதானே?"

கடைசிக் கேள்வியை விடாமல் கேட்க வேண்டும். ரீஸ்டார்ட்டை வாய்விட்டுச் சொல்லி ஒப்புதல் வாங்குவதற்கு மூன்று செகண்டு ஆகும். பெரிய விபத்துகள் எல்லாம் அந்த மூன்று செகண்டை மிச்சப்படுத்தியதால் வந்தவை. "இது குற்றம்தானே?" என்று ஆரம்பித்தால் மட்டும் வேண்டாம். பதிலை நீங்களே வாயில் திணித்த மாதிரி ஆகிவிடும்.

#14 புதுவிசில்

பெரிய விபத்து என்றால் எது சார்?

#15 சின்னபாக்ஸ்

தாஷ்கெண்ட், 2005 செப்டம்பர் 3. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, உஸ்பெகிஸ்தான் – பஹ்ரைன். உஸ்பெகிஸ்தான் 1-0 முன்னிலை, பெனால்டி கிடைக்கிறது, கோலும் விழுகிறது. உதைக்கும் முன் உஸ்பெக் வீரர் ஒருவர் பாக்ஸுக்குள் நுழைந்துவிட்டார். கோல் விழுந்ததால் திரும்ப உதைக்கச் சொல்ல வேண்டும். ரெஃபரி பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் கொடுத்தார். கோல் விழாதபோது கொடுக்க வேண்டிய ரீஸ்டார்ட்.

உஸ்பெகிஸ்தான் புகார் கொடுத்தது, 3-0 என்று அறிவிக்கவும் கேட்டது. ஃபிஃபா மேட்ச்சையே ரத்து செய்து மறு ஆட்டம் வைத்தது. அது 1-1. பஹ்ரைனில் நடந்த அடுத்த ஆட்டம் 0-0. வெளியூரில் போட்ட கோல் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. வென்ற ஆட்டத்தின் மேல் புகார் கொடுத்த அணி வெளியே போனது.

நுழைந்தாரா இல்லையா என்பதில் ரெஃபரி தவறியிருந்தால் அது களத்தின் உண்மை, யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தவறியது மூன்றாவது கேள்வியில், விதியைப் பொருத்துவதில். அதனால்தான் மேட்ச் போயிற்று.

#16 மூன்றாம்கோடு

அதே பிழை பத்து வருடம் கழித்து மறுபடி. 2015 ஏப்ரல் 4, 19 வயதுக்குட்பட்ட பெண்கள் ஐரோப்பியத் தகுதிச் சுற்று, இங்கிலாந்து – நார்வே. நார்வே 2-1 முன்னிலை, 96-ஆவது நிமிடம், இங்கிலாந்துக்குப் பெனால்டி, கோல். சக வீராங்கனை முன்கூட்டி நுழைந்தார். திரும்ப உதைக்கச் சொல்லாமல் நார்வேக்கு இன்டைரக்ட்.

ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ இந்த முறை மேட்ச் முழுவதையும் திரும்ப வைக்கவில்லை. ஏப்ரல் 9 அன்று, அந்தப் பெனால்டியிலிருந்து மட்டும் தொடரச் சொன்னது. இரண்டு அணிகளும் அன்று வேறு ஆட்டம் ஆடி முடித்துவிட்டு, ராத்திரி திரும்ப வந்து ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடின. லியா வில்லியம்சன் பெனால்டியைப் போட்டார், 2-2.

நாலு பேர் இருந்த நடுவர் குழுவில் ஒருவர் "கோல் விழுந்தது, ரீடேக்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

#17 புதுவிசில்

அந்த நுழைதல் கணக்கை யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள். எத்தனை தடவை படித்தாலும் மாறிப்போகிறது.

#18 ஐந்தரைமீட்டர்

2024–25 முதல் இருப்பதைச் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி: நுழைந்தவரால் பாதிப்பு இருந்ததா? கால் உள்ளே வந்துவிட்டது என்பதற்காக மட்டும் இப்போது ஊதுவதில்லை. உதைப்பவரின் அணி ஆள் என்றால், கீப்பரைத் தெளிவாகப் பாதித்திருக்க வேண்டும், அல்லது திரும்பி வந்த பந்தை ஆடி, அல்லது எதிராளியோடு மோதி, கோல் போட்டிருக்கவோ முயன்றிருக்கவோ வாய்ப்பு உருவாக்கியிருக்கவோ வேண்டும். கீப்பர் அணி ஆள் என்றால், உதைப்பவரைத் தெளிவாகப் பாதித்திருக்க வேண்டும், அல்லது திரும்பி வந்த பந்தை அதேபோல ஆடி எதிரணியின் வாய்ப்பைக் கெடுத்திருக்க வேண்டும்.

பாதிப்பு இருந்தால்: உதைப்பவரின் அணி நுழைந்து கோல் விழுந்தது, ரீடேக். கோல் விழவில்லை, இன்டைரக்ட். கீப்பர் அணி நுழைந்து கோல் விழுந்தது, கோல்தான். விழவில்லை, ரீடேக். இரண்டு அணியும் பாதித்தால் எப்படியும் ரீடேக்.

மனப்பாடம் செய்யாமல் நினைவில் வைக்க வழி: குற்றம் செய்த அணிக்கு லாபம் கிடைக்கக்கூடாது. டிஃபெண்டர் குற்றம் செய்தும் கோல் விழுந்தால் அவருக்கு லாபமில்லை, விட்டுவிடு. அட்டாக்கர் குற்றம் செய்தும் கோல் விழவில்லை என்றால் இன்டைரக்ட். மற்றதெல்லாம் ரீடேக்.

கீப்பர் கோட்டை விட்டு முன்னே வந்தது தனிக் கணக்கு. உதைக்கும் கணத்தில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டில், அல்லது கோட்டுக்கு நேராக, அல்லது பின்னால் இருக்க வேண்டும். முன்னே வந்து தடுத்தால் ரீடேக், முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள். பந்து கம்பத்தில் பட்டாலோ வெளியே போனாலோ ரீடேக் இல்லை, உதைப்பவரைத் தெளிவாகப் பாதித்திருந்தால் தவிர.

இதில் சேராதவை: ஓட்டம் முடிந்த பிறகு போலியாக உதைப்பது போல் காட்டுவது, பந்தைப் பின்னோக்கி உதைப்பது, உதைப்பவர் என்று சொல்லாத ஆள் ஓடி வந்து உதைப்பது. இவற்றில் கோல் விழுந்ததா என்று பார்க்கவே வேண்டாம், இன்டைரக்ட். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் மஞ்சளும் உண்டு.

#19 நடுவட்டம்

இரட்டைத் தொடுதலையும் சேருங்கள். 2025 மார்ச் 12, சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஷூட்அவுட்டில், அட்லெடிகோவின் ஹூலியன் அல்வாரெஸ் வழுக்கியபடி உதைத்தார். பந்து இன்னொரு காலிலும் பட்டது என்று வீடியோவில் பார்த்து கோலை ரத்து செய்தார்கள். அன்றைய எழுத்தின்படி சரி. ஆனால் அது வேண்டுமென்றே இரண்டு முறை தொடுபவருக்காக எழுதிய விதி. அந்த ஜூனில் விளக்கம் வந்தது. தற்செயலாக இரண்டு கால் பட்டுக் கோல் விழுந்தால் ரீடேக். விழவில்லை என்றால் ஆட்டத்தில் இன்டைரக்ட், ஷூட்அவுட்டில் தவறியதாகக் கணக்கு.

#20 கொடிமுனை

சரி, மூன்றாவது கேள்வி. ரெஃபரிக்கு மனம் மாறியது, ஆனால் கீப்பர் பந்தை உதைத்துவிட்டார்.

#21 பழையவிசில்

எத்தனை நேரம் ஆனது என்று பார்க்காதீர்கள், ரீஸ்டார்ட் ஆனதா என்று பாருங்கள். உங்கள் நிலைமையில் விசிலே ஊதவில்லை, ஆட்டம் நிற்கவே இல்லை. கீப்பர் கையிலிருந்து உதைத்தது ரீஸ்டார்ட் கிடையாது, ஆட்டத்தின் தொடர்ச்சி. எனவே ரெஃபரி நிறுத்தி, தந்திரம் நடந்த இடத்துக்குத் திரும்பலாம். பந்து வெளியே போய் த்ரோ எடுத்துவிட்டார்கள் என்றால் கதவு சாத்தியாயிற்று. இடைவேளைக்கோ ஆட்ட முடிவுக்கோ விசில் ஊதி ரெஃபரி மைதானத்தை விட்டு வெளியேறினாலும் அப்படியே.

விதி அனுமதிக்கிறது என்பதற்காக நாற்பது செகண்டு கழித்துத் திரும்பி வராதீர்கள். அதற்குள் மறுபக்கம் கோல் விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

#22 ஐந்தரைமீட்டர்

ஒரு விதிவிலக்கு. வேறொரு நடுவர் குற்றத்தைப் பார்த்து, ரீஸ்டார்ட்டுக்கு முன்பே ரெஃபரிக்குச் சொல்ல முயன்றிருந்தால், கொடி தூக்கியபடி நின்றும் ரெஃபரி கவனிக்கவில்லை என்றால், ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அட்டை கொடுக்கலாம். ஆனால் அந்தக் குற்றத்துக்கான ஃப்ரீ கிக்கோ பெனால்டியோ கிடைக்காது. அதனால்தான் லைன்ஸ்மேன் கொடியைச் சீக்கிரம் இறக்கக்கூடாது என்பது.

#23 புதுவிசில்

வி.ஏ.ஆர் (வீடியோ பார்த்து உதவும் நடுவர்) இருந்தால் இந்தச் சண்டையெல்லாம் வராதே?

#24 மூன்றாம்கோடு

வரும். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு, ஆள் மாறாட்டம் என்று வி.ஏ.ஆருக்கு எல்லை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். கோல் விழாத தந்திர பேக்பாஸையோ கீப்பரின் 8 செகண்டையோ அவர்கள் எடுக்க முடியாது. பெனால்டி உதையில் கீப்பர், உதைப்பவர் செய்யும் குற்றம், நுழைந்தவர் திரும்பி வந்த பந்தில் நேரடியாகக் கலந்துகொண்டது, இவை உள்ளே வரும்.

வி.ஏ.ஆர் மூலம் வந்த அபூர்வ முடிவுக்கு நல்ல உதாரணம், 2019 அக்டோபரில் ஜெர்மன் இரண்டாம் டிவிஷன், கீல் – போஹும். கீல் அணியின் மாற்று வீரர் தன் கோலுக்குப் பின்னால் வார்ம்அப் செய்துகொண்டிருந்தார். வெளியே போய்க்கொண்டிருந்த பந்தைக் காலால் நிறுத்தினார், எடுத்துக் கொடுக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில். பந்து இன்னும் முழுதாகக் கோட்டைத் தாண்டவில்லை. மாற்று வீரர் ஆட்டத்தில் குறுக்கிட்டதாகக் கணக்கு, இடம் பாக்ஸுக்குள், பெனால்டி, மஞ்சள். விதிப்படி துளி தப்பில்லை, பார்த்தவர்கள் யாருக்கும் நியாயமாகத் தோன்றவில்லை.

2025–26-இல் இதையும் தளர்த்திவிட்டார்கள். பந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது, குறுக்கிடும் கெட்ட நோக்கமில்லை என்றால் இன்டைரக்ட் மட்டும், அட்டை இல்லை.

#25 சின்னபாக்ஸ்

குற்றத்தில் ஒத்துப்போன பிறகும் செயல்படுத்துவதில் கெடுப்பவர்கள் உண்டு. கீப்பர் கோலுக்கு மூன்று மீட்டர் முன்னால் பேக்பாஸைக் கையால் பிடித்தார், இன்டைரக்ட். பந்தை எங்கே வைப்பீர்கள்? அங்கேயே இல்லை. சின்ன பாக்ஸுக்குள் என்றால், கோல் கோட்டுக்கு இணையான அந்த 5.5 மீட்டர் கோட்டில், குற்றம் நடந்த இடத்துக்கு நேராக.

9.15 மீட்டர் தள்ளி நிற்க இடமே இருக்காது. எனவே தடுப்பவர்கள் தங்கள் கோல் கோட்டின் மேல், கம்பங்களுக்கு நடுவே நிற்கலாம். பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள். ரெஃபரி இங்கே அவசரப்படக்கூடாது. விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லி, வரிசையை ஒழுங்கு செய்து, பிறகு ஊத வேண்டும். முதல் தொடுதலில் முழு வரிசையும் முன்னே பாயும். உதைக்கும் முன்பே பாய்ந்தால் திரும்ப எடுக்கச் சொல்லி மஞ்சள்.

கையை மறக்காதீர்கள். இன்டைரக்ட் என்பதற்குத் தலைக்கு மேல் தூக்கிய கை, பந்து இன்னொருவர் மேல் படும்வரை அல்லது வெளியே போகும்வரை இறங்கக்கூடாது. கை தூக்காமல் விட்டு, பந்து நேராகக் கோலுக்குள் போனால் திரும்ப எடுக்க வேண்டும். பத்துப் பேர் கூச்சலில் அனுபவசாலியும் கையை மறக்கலாம். நாலாவது அதிகாரி மைக்கில் "கை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

#26 நடுவட்டம்

கேப்டன் விஷயத்தையும் சேர்க்கிறேன். குழு பேசிக்கொண்டிருக்கும்போது எட்டுப் பேர் சுற்றிக்கொண்டால் எந்த முறையும் வேலை செய்யாது. 2024 யூரோவில் கேப்டன் மட்டும் வந்து பேசலாம் என்று வைத்தார்கள், பிறகு விதிப் புத்தகத்தின் வழிகாட்டலிலும் வந்துவிட்டது. கேப்டனிடம் சொல்ல வேண்டியதும் ஒரே வாக்கியம்: "5-ஆம் நம்பர் காலால் கிளப்பித் தலையால் கொடுத்தார், அதனால் இன்டைரக்ட்." யார் சொன்னார், முதலில் நான் என்ன நினைத்தேன் என்றெல்லாம் சொல்லக்கூடாது. "லைன்ஸ்மேன் சொன்னதால் கொடுத்தேன்" என்று வாயிலிருந்து வந்தால் மிச்ச நேரம் முழுக்க லைன்ஸ்மேன் காதில் திட்டு விழும்.

#27 கொடிமுனை

நன்றி. கடைசியாக ஒன்று: குழுவுக்குள் அடித்துக்கொள்ள வைக்கும் இன்னும் சில சங்கதிகள்?

#28 ஐந்தரைமீட்டர்

சுருக்கமாக:

பாக்ஸுக்குள் டிஃபெண்டர் ரெஃபரியைத் திட்டினார், அதற்காக ஆட்டத்தை நிறுத்தினீர்கள். இன்டைரக்ட். பெனால்டி இல்லை.

காலை ஆபத்தாக உயர்த்தினார், எதிராளி ஒதுங்கினார். இன்டைரக்ட். பட்டுவிட்டால் டைரக்ட், பாக்ஸுக்குள் என்றால் பெனால்டி. "பட்டதா" என்ற ஒரே தகவலில் முடிவு தலைகீழாகும். லைன்ஸ்மேனிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

கோல் கிக் எடுத்த கீப்பர், வேறு யாரும் தொடுமுன் பந்தைத் தன் பாக்ஸுக்குள் கையால் பிடித்தார். இன்டைரக்ட். சாதாரணமாகக் கீப்பர் தன் பாக்ஸில் கூடாதபோது கையால் தொட்டால் அட்டை கிடையாது. இது இரண்டாவது தொடுதல் என்பதால், தெளிவான கோல் வாய்ப்பைக் கெடுத்திருந்தால் சிவப்பு. "கீப்பருக்குத் தன் பாக்ஸில் எப்படிச் சிவப்பு" என்று குழுவிலேயே ஒருவர் கட்டாயம் கேட்பார்.

#29 மூன்றாம்கோடு

கீப்பர் கழன்ற ஷின்கார்டை (காலில் கட்டும் காப்பை) கையில் பிடித்து, தன் பாக்ஸுக்குள் அதால் பந்தைத் தட்டுகிறார். கை பட்டால் குற்றமில்லை, ஷின்கார்டு பட்டால்?

#30 சின்னபாக்ஸ்

பெனால்டி. கையில் பிடித்த பொருளால் பந்தைத் தொடுவதும், பந்தின் மேல் பொருளை எறிவதும் டைரக்ட் குற்றங்கள். கீப்பருக்குள்ள கைச் சலுகை பொருளுக்குக் கிடையாது.

#31 புதுவிசில்

கையுறை?

#32 சின்னபாக்ஸ்

மாட்டியிருந்தால் கை. கழற்றிப் பிடித்திருந்தால் பொருள்.